பத்து வார்த்தைகளும் நான் சொல்லிக்கொடுத்த தப்பும்

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் கவனித்தோம். பாப்பா பேசவே இல்லை. அதுவரை வீடு நிறைய ஆள் இருந்ததால் யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

பாப்பா என் அக்கா மகள். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் பதினோரு நாளில் போய்விட்டாள். அவளுக்கு இருபத்தேழு வயது. எனக்கு அப்போது இருபது.

அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். அதனால் பாப்பாவை ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காலையில் அம்மா பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். மூணு மணிக்கு மில்லில் ஷிப்ட் விட்டதும் நான் போய்க் கூட்டி வருவேன். பஸ்ஸில் என் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே ஊதுவாள். பேச மாட்டாள்.

டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒன்றும் இல்லை, அதட்டாதீர்கள், நாளாகும் என்றார். எவ்வளவு நாள் என்று அம்மா கேட்டாள். அவர் பாப்பாவைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பேசாவிட்டாலும் என்னிடம் மட்டும் வாயை அசைப்பாள். சத்தம் வராது. ஆனால் எனக்குப் புரிந்துவிடும். அதற்குக் காரணம் என் வேலை. பஞ்சை முறுக்கி நூலாக்குகிற ரிங் ஃபிரேம் மெஷின் பக்கம் நான் நிற்கிறேன். அங்கே காது ஓரத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாமே வாயும் கையும்தான். கட்டை விரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். மூக்குக்குக் கீழே விரலை வைத்து முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். மற்றது எல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். எதிரில் இருப்பவள் ஒன்று சொன்னால் அதை அப்படியே நம் வாயால் திருப்பி அசைத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தெரியும், நமக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. சேர்ந்த புதிதில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. அக்கா இருக்கும்போது கேலி செய்வாள். "ஏட்டி, இது வீடு. வாயத் திறந்து பேசு, மில்லுன்னு நெனச்சியா?" என்பாள். பாப்பாவுக்கு அது விளையாட்டு. என்னைப் பார்த்துப் பார்த்து அவளும் பழகிக்கொண்டாள். தன் அம்மா போன பிறகு அவளுக்கு அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பங்குனி மாதம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். எழுத்துப் பரீட்சை எல்லாம் எழுதிவிட்டாள். இங்கிலீஷில் ஒன்று பாக்கி இருக்கிறது. மிஸ் ஒரு வார்த்தை சொல்வார். அதில் வருவது ஷார்ட் சத்தமா, லாங் சத்தமா என்று பிள்ளை சொல்ல வேண்டும். பத்து வார்த்தை. குறைந்தது ஐந்து சரியாக இருக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாராம், இவள் நின்றுகொண்டே இருந்தாளாம்.

"இதுவும் இல்லன்னா திரும்ப ஒன்னாவதுதான் போடணும். மத்த பிள்ளைங்க இவளைப் பார்த்து வாயை மூடிக்கிட்டுக் கேலி பண்ணுதுங்க. ஒன்னும் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார் மிஸ்.

மச்சான் அன்றைக்கு ஊரில் இருந்தார். பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு, நான் சண்டைக்குச் சொல்லல. இந்தப் பரீட்சையில தேறிட்டான்னா ஒங்கூடவே இருக்கட்டும். அதே கிளாஸ்ல இன்னொரு வருஷம்னா எங்க அக்கா வீட்டுல விட்டுருதேன். அங்க அவிய பிள்ளைக மூணு இருக்கு. சேந்து வெளையாண்டா பேச்சு வந்துரும்."

அவருடைய அக்கா வீடு கூமாப்பட்டியில். நல்ல மனுஷிதான். குறை சொல்ல மாட்டேன். தென்னையும் வயலுமாக நல்ல ஊர். பாப்பாவுக்கு அங்கே நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அவள் வேண்டும். அவளுக்காகக் கேட்டேனா, எனக்காகக் கேட்டேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் சேலைகளை அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். படுக்கையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். இவளையும் கொண்டுபோய்விட்டால் நான் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

"எத்தன நாள் டைம் குடுத்துருக்காக?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாள்" என்றார். "எட்டாப்பு படிச்சிட்டு நீ எம்புட்டுச் சொல்லிக் குடுப்ப?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது.

அக்கா பன்னிரண்டு வரை படித்தவள். இங்கிலீஷ் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். படம் போட்டிருந்தது. கப்பல், ஆடு, கட்டில், கேக். ஷிப் என்றால் ஷார்ட். ஷீப் என்றால் லாங். சரி, நம் குறில் நெடில்தானே என்று நினைத்தேன். அடுத்த பக்கம் போனால் பூனைக்குச் சொல்கிற கேட் ஷார்ட்டாம், கேக் லாங்காம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே கே போடுகிறோம். எனக்குத் தலை சுற்றியது. போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை ரப்பரை இழுத்து இழுத்துக் காட்டினாள். பத்துத் தடவை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் பாப்பாவை எதிரில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுச் சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்து, மில்லில் பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். அவளும் வாயை அசைத்துத் திருப்பிச் சொன்னாள். ஷிப். ஷீப். சிட். சீட். அரைமணி நேரம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாயசைத்துக்கொண்டிருப்போம்.

கூலிக்கு பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு ஊமைய வச்சிக்கிட்டே முடியல. நீயும் சேந்துக்கோ. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அந்த டீச்சரு ஒன் வாயப் பாத்தா மார்க் போடும்?"

"ஊமைன்னு சொல்லாதம்மா."

"பின்ன என்னன்னு சொல்லணும்? சொல்லு, அப்படியே சொல்லுதேன்."

பாப்பா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதல் நாலு நாள் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு ஒரு தகராறு. ஷிப் என்று நான் சொன்னால் அவள் உதடு லேசாகத் திறந்து உடனே மூடிவிடும். எனக்கு அது பாதி வார்த்தை மாதிரித் தெரிந்தது. "நல்லாச் சொல்லு" என்பேன். மறுபடி அதே மாதிரி சின்னதாகச் சொல்வாள். இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து இழுத்துக் காட்டினேன். "இப்படி. வாய விரிச்சுச் சொல்லு. சித்தி எப்படிச் சொல்லுதேன் பாரு." கடைசியில் நான் சொன்ன மாதிரியே இழுத்துச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். ஆனால் மறுநாளிலிருந்து புத்தகத்தை எடுத்தாலே எழுந்து போய் அடுப்படி மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய் இழுத்து வந்து உட்கார வைப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டாள். அக்காவுக்கும் இதே பிடிவாதம் உண்டு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் இப்படியே போனது. தாடையைப் பிடித்துத் திருப்பினேன். ஒரு தடவை கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன். விரல் பட்ட இடம் சிவந்து போனது.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மில்லில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவள் என் வயதுக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அஞ்சாவதோடு நின்றவள். அறுந்த நூலை ஒட்டுகிற நேரத்தில் நான் வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கையால் கேட்டாள். பரீட்சையைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். நான் ஒரு விரலைக் காட்டிச் சின்னது என்றேன். இரண்டு விரலைக் காட்டி நீளம் என்றேன். நான் சொல்லச் சொல்ல நீ விரலைக் காட்டு என்றேன். விளையாட்டுக்குத்தான்.

ஷிப் என்று வாயசைத்தேன். இரண்டு விரல் காட்டினாள்.

தப்பு என்று தலையை ஆட்டினேன். பெட் என்றேன். இரண்டு விரல். சிட் என்றேன். இரண்டு விரல். பத்து வார்த்தை சொன்னேன். பத்துக்கும் இரண்டு விரல்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, வெளையாடுதியா? பாதி குறிலுட்டி."

"குறிலாவது ஒன்னாவது. நீ எல்லாத்தையும் இழுக்க. வாய காதுவரைக்கும் கொண்டுட்டுப் போய்ச் செத்த நேரம் அங்கயே வச்சிருக்க. அதப் பாத்தா ரெண்டு வெரலுதான் காட்ட முடியும்."

"நான் சரியாத்தான சொல்லுதேன்."

"நீயும் நானும் எப்பட்டி சரியாச் சொன்னோம்? 'வா'ன்னு ஒன்னக் கூப்பிட எனக்கு அர நிமிஷம் ஆகுது. இழுத்தாத்தான அந்தப் பக்கத்துக்குத் தெரியும்? எங்க வீட்டுலகூடக் கேக்காக, ஏன் கொட்டாவி விடுத மாதிரி பேசுதன்னு." சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தியா?"

நான் என் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். பாப்பாவின் உதடு லேசாகத் திறந்து உடனே மூடியது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் பாதி வார்த்தை சொல்லவில்லை. சரியாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி சொல்லியிருக்கிறாள். நான்தான் கன்னத்தைப் பிடித்து இழுத்து, அதைத் தப்பாக்கிவிட்டேன். அக்கா அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போனது கொஞ்சம்தான். அதிலும் கையை வைத்துக் கெடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை வாயசைக்கவில்லை, சத்தமாகவே சொன்னேன். "சித்தி தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். நீ மொதல்ல சொன்னதுதான் சரி. அம்மா சொன்ன மாதிரியே சொல்லு." அம்மா என்ற வார்த்தை வந்ததும் அவள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் புத்தகத்தை நான் எடுக்கவில்லை. ஒரு விரல், இரண்டு விரல் கணக்கை மட்டும் ஒரு தடவை காட்டினேன். பார்த்தாளா இல்லையா தெரியாது.

பரீட்சை அன்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நானே கூட்டிப் போனேன். மச்சான் பைக்கில் தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். பாப்பாவின் தலையைத் தடவினார்.

ஒன்றாவது வகுப்பு அறை. சின்னச் சின்ன பெஞ்ச். மிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை மடியில் வைத்திருந்தார். தலைமை ஆசிரியையான பெரிய மிஸ் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பாவை நடுவில் நிறுத்தினார்கள்.

"சத்தமா சொல்லணும், சரியா? ஷார்ட்னா ஷார்ட். லாங்னா லாங்" என்றார் மிஸ்.

நான் கேட்டேன். "மிஸ், அவ கையில காட்டட்டும். ஷார்ட்டுக்கு ஒரு வெரல். லாங்குக்கு ரெண்டு வெரல்."

"இது வாயால சொல்ற டெஸ்ட்ம்மா."

"காதுல கேட்டுப் பிரிக்கத் தெரியுதான்னுதான மிஸ் பாக்கீக? பேச்சு வருதான்னா பாக்கீக? பேச்சு வராதுன்னு எல்லாத்துக்கும் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு டீச்சரிடமும் நான் இப்படி எதிர்த்துக் கேட்டதில்லை. மிஸ் பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, காட்டட்டும்" என்றார்.

"ஷிப்" என்றார் மிஸ்.

பாப்பா என்னைப் பார்த்தாள். இரண்டு விரலைக் காட்டினாள்.

மிஸ் பேப்பரில் ஏதோ போட்டார். "பெட்."

பாப்பா மறுபடி என்னைப் பார்த்தாள். இரண்டு விரல்.

இரண்டும் போச்சு. இன்னும் எட்டுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. மிஸ் சொல்வதைக் கேட்கவும் இல்லை. என் வாயைப் பார்க்கிறாள். என் வாய் சும்மா இல்லை. மிஸ் ஒவ்வொரு வார்த்தை சொன்னதும், மில்லில் செய்கிற மாதிரி, கேட்டதை அப்படியே திருப்பி அசைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இழுத்து. நான் அதைச் செய்வது எனக்கே தெரியவில்லை.

வாயைக் கையால் பொத்தினேன். பாப்பா பயந்துபோய்க் கையைக் கீழே விட்டுவிட்டாள்.

"என்னம்மா, சொல்லிக் குடுக்குறீங்களா?" என்றார் பெரிய மிஸ்.

"இல்ல மிஸ். நான் திரும்பி நின்னுக்கிடுதேன்."

"வெளியவே நில்லுங்களேன்."

"வெளிய போனா அழுவா மிஸ். இங்கயே சுவத்தப் பாத்து நிக்கேன்."

திரும்பி நின்றேன். முகத்துக்கு நேரே பழங்கள் படம் போட்ட சார்ட். ஓரத்தில் டேப் பிரிந்து தொங்கியது. எனக்குப் பின்னால் பாப்பா தனியாக நின்றாள். அக்கா போன நாளிலிருந்து அவள் கண்ணுக்கு நான் முதுகைக் காட்டியதே இல்லை. தூங்கும்போதுகூட அவள் பக்கம் திரும்பித்தான் படுப்பேன். இப்போது நானே வேண்டுமென்று திரும்பி நிற்கிறேன்.

"கேக்" என்றார் மிஸ்.

ஒன்றும் கேட்கவில்லை. விரலுக்கு என்ன சத்தம் இருக்கும். மிஸ் பேனாவால் என்ன போடுகிறார் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். என் காது மில் காது. ஃபேன் சத்தத்தைத் தாண்டி எதுவும் வரவில்லை.

சார்ட்டில் பிரிந்த டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினேன், மறுபடி பிரிந்தது.

"பாப்பா, கேக்" என்று மிஸ் இரண்டாம் தடவை சொன்னார். என் உதடு மறுபடி அசைந்தது. பல்லால் கடித்துப் பிடித்தேன்.

அவள் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அவளுக்குத் தைரியம் வரும். திரும்பிப் பார்த்தால் எல்லாம் கெட்டும் போகும். சார்ட்டில் இருந்த மாதுளம்பழத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"ம்" என்றார் மிஸ். பிறகு "சிட்" என்றார். பிறகு "ஃபீட்." பிறகு "கைட்." இப்போது இரண்டாம் தடவை சொல்லவில்லை. வார்த்தைகள் வேகமாக வந்தன. சரியாகக் காட்டுகிறாளா, இல்லை தப்போ சரியோ என்று மிஸ் சும்மா போட்டுக்கொண்டு போகிறாரா தெரியவில்லை. ஹோப். கட். பின். கடைசி வார்த்தை சொல்வதற்கு முன்னால் பெரிய மிஸ் எழுந்து வந்தார். செருப்புச் சத்தம் கேட்டது.

"கடைசி ஒன்னு நான் சொல்றேன். ஷிப்."

முதலில் தப்பாகப் போன அதே வார்த்தை. வேண்டுமென்றே கேட்கிறார். என் வாயில் உப்புக் கரித்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது.

"சரிம்மா, திரும்பலாம்" என்றார் பெரிய மிஸ்.

திரும்பினேன். பாப்பா கையை இன்னும் இறக்கவில்லை. ஒரே ஒரு விரல். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெரிய மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் பேப்பரைக் காட்டினார். முதல் இரண்டும் தப்பு. ஹோப் தப்பு. மற்ற ஏழும் சரி. ஹோப் ஏன் தப்பானது என்று எனக்குத் தெரியாது. மற்ற இரண்டும் என்னால்தான்.

"நல்லாத் தெரிஞ்சிருக்கே. அப்புறம் ஏன் இவ்வளவு நாள் சும்மா நின்னா?" என்றார் மிஸ். அவருடைய குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"ரெண்டாவதுக்கு ஏத்திடுறோம். ஆனா பேச வைக்கப் பாருங்க. எல்லா மிஸ்ஸும் விரலைப் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்றார் பெரிய மிஸ்.

சரி என்றேன்.

வெளியே வந்து மச்சானிடம் சொன்னேன். அவர் பாப்பாவைத் தூக்கி பைக் டேங்கில் உட்கார வைத்தார். தோளில் கிடந்த துண்டால் தன் முகத்தைத் துடைத்தார். வெயிலுக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தார். அப்போதுதான் அங்கே ஒரு பை கட்டியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டு மஞ்சள் பை. உள்ளே பாப்பாவின் கவுன்கள், சீப்பு, அவள் குடிக்கிற சின்ன டம்ளர்.

"இது எப்ப எடுத்தீக?" என்றேன்.

"காலையில. நீங்க பஸ்ஸுக்குப் போன பொறவு." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ஒங்கம்மாதான் எடுத்து வச்சிருந்தாக. தேறலைன்னா நேரா கூமாப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, திரும்ப வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் அழ வேண்டாம்னு சொன்னாக."

பையை வாங்கிக்கொண்டேன். மச்சான் லோடு ஏற்ற மதுரைப் பக்கம் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். முழுப் பரீட்சை லீவுக்கு ஒரு வாரம் மட்டும் கூமாப்பட்டிக்கு அனுப்பு என்றார். அனுப்புகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தாள். முதலில் பையைப் பார்த்தாள், பிறகு பாப்பாவைப் பார்த்தாள். கை நின்றது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நானும் அவள் செய்ததைக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அம்மா மெதுவாக எழுந்து, பைக்குள் கையை விட்டு டம்ளரை எடுத்துக் கழுவி, பாப்பாவுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள். நான் கவுன்களை ஒவ்வொன்றாக உதறி மறுபடி கொடியில் போட்டேன்.